ஆந்தைப்பிள்ளை

தொல்காப்பியனார் மரபியலைத் தொடங்குங்கால் உயிர்களின் இளமைப் பெயர்களையே முதற்கண் எடுத்துக்கொண்டார். அவர் எண்ணிய பெயர்கள் ஒன்பது. இன்ன உயிரின் இளமைக்கு இன்ன பெயர் உரித்து என அவர் வகுத்தவற்றுள், பறப்பனவற்றின் இளமைக்கு உரியவை பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டுமாம். அவற்றுள் பார்ப்பு என்னுஞ் சொல் இக்காலத்து உலகவழக்கில் அருகிப்போயிற்று. பிள்ளை என்பதோ இன்றும் நின்று நிலவுகின்றது. கிளியைக் கிளிப்பிள்ளை என்றும், அணிலை அணிற்பிள்ளை என்றும், கீரியைக் கீரிப்பிள்ளை என்றும், தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றும் தமிழ்மக்கள் அழைத்து வருகின்றனர். வயிற்றிற் பிறந்த மகவை அழைக்குஞ் சொல்லாலேயே தோட்டத்து மரத்தையும் கூரைமேல் ஓடும் அணிலையும் அழைத்தல் அன்பின் மிகுதியன்றி வேறென்னை?

ஆயினும் இவ்வன்பிற்கும் ஓர் எல்லையுண்டு. ஆந்தையின் குஞ்சை ஆந்தைப்பிள்ளை என்று அழைப்பார் அரியர். தொல்காப்பியனார், கூகையைக் கோட்டான் என்று வழங்குதலையும் கிளியைத் தத்தை என்று வழங்குதலையும் மரபியலின் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்துச் சொன்னார். அவர் நோக்கில் இரண்டும் பறவைகளே. பின்வந்த உலகமோ ஒன்றனைக் கூட்டிலிட்டுக் கொஞ்சிற்று. மற்றொன்றனைக் கல்லெறிந்து ஓட்டிற்று. இவ்வேற்றுமை பறவையினிடத்து உள்ளதா, காண்போர் உள்ளத்து உள்ளதா என்பதனை ஆராய்தற்கு ஏதுவாக, திருமறைக்காட்டிற்கு அயலதாகிய சிற்றூர் ஒன்றன் நந்தவனத்தில் 2019 ஆம் ஆண்டு மாசித் திங்களில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது.

அதற்கு மூன்று திங்கள் முன்னர், 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், கஜா என்னும் சூறாவளி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. அவ்வோர் இரவில் அப்பக்கத்துத் தென்னந்தோப்புக்களும் மாந்தோப்புக்களும் வேரொடு சாய்ந்தன. தென்னையைப் பிள்ளை என்று சொல்லி வளர்த்தோர், பிள்ளையை இழந்தாரைப் போலவே தலையிற் கைவைத்துத் தோப்பின் நடுவே அமர்ந்திருந்தனர். முதுமரங்கள் வீழ்ந்தமையால் இடருற்றவர் மக்கள் மட்டுமல்லர். தாமே பொந்து குடையும் ஆற்றலில்லாத மைனா, ஆந்தை முதலிய பறவைகள் முதுமரங்களில் இயல்பாக அமைந்த பொந்துகளை நம்பியே முட்டையிடுவன. கிளை முறிந்த இடம் உளுத்துப் பொந்தாதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். அஃது அழிதற்கோ ஓரிரவு போதும்.

அச்சிற்றூர் நந்தவனத்திலும் மரங்கள் பல வீழ்ந்தன. அரளியும் நந்தியாவட்டையும் முல்லைப்பந்தரும் சில திங்களில் மீண்டும் தழைத்தன. பெருமரங்களுள் எஞ்சி நின்றது கிணற்றடியில் இருந்த ஓர் இலுப்பையே. அதன் தென்கிளை முறிந்து தொங்கிற்று. தண்டின் மேற்புறத்தே பழையதொரு பொந்து வாய்திறந்து கிடந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியராகிய அன்பர் ஒருவர் நாடோறும் விடியுமுன் அந்நந்தவனத்திற்குச் சென்று மலர் கொய்து வருவார். அம்மலர்களை மாலையாகத் தொடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பவர் ஒரு மூதாட்டியார். அவர்தம் மகளும் மருகரும் பிழைப்பின் பொருட்டுத் திருப்பூருக்குச் சென்றிருந்தமையால், ஐந்து வயதுப் பேரனைத் தாமே வளர்த்து வந்தார்.

தைத் திங்கள் முதல் அவ்விலுப்பையில் ஆந்தையின் அலறல் கேட்கத் தொடங்கிற்று. மாலை மங்கியவுடன் ஒன்று கிறீச்சிடும். மற்றொன்று எதிர்குரல் கொடுக்கும். நள்ளிரவில் அஃது இன்னும் மிகும். அடுத்து ஊரில் முதியவர் இருவர் இறந்தனர். மரத்தடியில் மயிரும் சிறு எலும்புகளும் செறிந்த கரிய உருண்டைகள் கிடந்தன. அவற்றைக் கண்டோர் செய்வினை என்றனர். மாசி பிறந்ததும் மூதாட்டியாரின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் கண்ட மூன்றாம் இரவில் ஆந்தை அவர் வீட்டுக் கூரைக்கே வந்து அலறிற்று. அதன்பின் ஐயத்திற்கு இடம் ஏது? அவர் மந்திரிப்பவரிடம் சென்று பிள்ளையின் கையிற் கயிறு கட்டி வந்தார். மரத்தை வெட்டினால் பிள்ளை பிழைக்கும் என்று அங்கே சொல்லப்பட்டதாம். கிளை முறிந்த மரம் எப்படியும் விழுவதே என்று ஊராரும் இசைந்தனர். வெட்டுதற்கு ஒரு நாளும் குறிக்கப்பட்டது.

மூதாட்டியாரை அறிவிலார் என்று இகழ்தல் எளிது. ஆனால் அது நேர்மையன்று. பேரன்மேல் வைத்த அன்பே அவருக்கு அச்சமாயிற்று. பிள்ளையின் உடல் கொதிக்கும்போது, கையில் அகப்பட்டதை எல்லாம் பற்றிக்கொள்ளுதல் தாய்மையின் இயல்பு. அன்பர் இதனை உணர்ந்தவர். மரத்தை வெட்டலாகாது என்னும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஆயினும் நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருப்பாரிடம் வாதிட்டுப் பயனில்லை என்று வாளாவிருந்தார்.

வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்னர், கிழக்கு வெளுக்கும் வேளையில், மலர் கொய்துகொண்டிருந்த அன்பர் காக்கைகளின் பெருங்கூச்சலைக் கேட்டார். இலுப்பையின் அடியில், உதிர்ந்த சருகுகளின் நடுவே, வெண்மையும் சாம்பலுமான பஞ்சுப்பொதி போல்வதொன்று கிடந்தது. அணுகி நோக்கினார். பஞ்சுப்பொதிக்கு மஞ்சள் நிறமான இரண்டு கண்கள் இருந்தன. அவை அவரை இமையாது நோக்கின. ஒரு கைப்பிடிக்குள் அடங்கத்தக்க அவ்வுயிர், முளைத்தும் முளையாத சிறகுகளை விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு அலகைப் படபடவென்று தட்டிற்று. அச்சுறுத்துதற்கு அது செய்த முயற்சி அவ்வளவே. அதற்குள் காக்கை ஒன்று தாழ்ந்து வந்து கொத்திற்று.

திருவள்ளுவனார் காலமறிதலின் சிறப்பை உணர்த்த வந்தவிடத்துக் காக்கையையும் கூகையையுமே எடுத்துக்காட்டாகக் கொண்டார். இரவில் வலிய கூகையைப் பகலிற் காக்கை வெல்லும் என்பது அவர் கண்ட உண்மை. வளர்ந்த ஆந்தைக்கே பகலில் அந்நிலையாயின், பறக்கக் கல்லாத பார்ப்பின் நிலை கூறவும் வேண்டுமோ? அன்பரின் கையில் இருந்தது பூக்குடலை ஒன்றே. குடலை நிறைய நந்தியாவட்டையும் அரளியும் இருந்தன. மண்ணில் வீழ்ந்த மலர் பூசைக்கு ஆகாது என்பதை அவர் நன்கறிவார். அறிந்தே, குடலையைக் கவிழ்த்து அக்குஞ்சின்மேல் மூடினார். மலர்களெல்லாம் சருகின்மேற் சிதறின. காக்கைகள் சிறிது நேரம் சுற்றிக் கரைந்துவிட்டு அகன்றன.

அன்பருக்குப் பறவைகளின் இயல்பு ஓரளவு தெரியும். ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களைக் கோடியக்கரைக்குப் பலமுறை அழைத்துச் சென்றவர். கோடியக்கரைக் காடு 1967 ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரவை ஆராய்ந்து வந்தனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்கள் அப்பணியை வழிநடத்தியவர். பறவையைப் பிடிக்கவும், அஞ்சாதபடி கையில் ஏந்தவும், விரைந்து விடவும் வேண்டிய முறைகளை அன்பர் அங்கே கண்டிருந்தார்.

வானத்திற் பறக்கும் உயிர் மண்ணிற் கிடக்கக் கண்டவுடன், தாய் கைவிட்ட குழவி என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் பலர்க்கும் இயல்பு. அஃது அன்பினாற் செய்யப்படும் பிழையாகும். தாய்ப்பறவை அணிமையிலேயே இருக்கும். மனிதர் அகன்றாலன்றி வாராது. மனிதர் கைபட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பதும் உண்மையன்று. பெரும்பாலான பறவைகள் தம் குஞ்சை மணத்தினால் அறிவன அல்ல. கண்ணாலும் காதாலும் அறிவன. இறகு முளையாத குஞ்சாயின் மீண்டும் கூட்டில் வைத்தல் வேண்டும். இறகு முளைத்துக் கிளையைப் பற்றி நிற்கவல்லதாயின், நாயும் பூனையும் எட்டாத கிளையொன்றில் வைத்துவிட்டு அகலுதல் வேண்டும். வாயைத் திறந்து பாலோ நீரோ புகட்டுதல் கூடாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து உயிருக்கே கேடாகும். காயமுற்றதாயின் காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையாரிடம் சேர்ப்பித்தல் முறை. இவ்வளவே செய்யத்தக்கது. இதற்கு மேற்பட்டதெல்லாம் தாயின் தொழில்.

அன்பர் குடலைக்கு அருகில் நின்றுகொண்டிருக்கையில், மலர் வாங்க வந்த மூதாட்டியார் அங்கு வந்தார். நிகழ்ந்ததை அறிந்தவுடன் பின்வாங்கினார்.

“ஐயா, தொடாதீர்கள். என் பிள்ளையை அழைப்பது அதுதான்,” என்றார்.

“அம்மா, இரவெல்லாம் உங்கள் வீட்டில் விளக்கு எரிகின்றதா?” என்று அன்பர் வினவினார்.

“பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும்போது இருட்டில் எப்படி இருப்பது?”

“விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் வருகின்றனவா?”

“மொய்க்கின்றன.”

“அவற்றைத் தின்னத்தான் ஆந்தை வருகின்றது, அம்மா. உங்கள் பேரனைத் தேடி வரவில்லை.”

இச்சிறு மறுமொழியில் அபசகுனம் என்னும் பெருங்கோட்டையின் அடிக்கல் முழுதும் அடங்கியிருத்தல் காண்க. உடல்நலம் உடையோர் விளக்கணைத்து உறங்குகின்றனர். அவர் வீட்டுக் கூரையில் ஆந்தை அலறினும் அவர்க்குத் தெரியாது. நோயாளி இருக்கும் வீட்டில் விளக்கெரிகின்றது. விளக்குக்குப் பூச்சி வருகின்றது. பூச்சிக்கு ஆந்தை வருகின்றது. அங்கே விழித்திருப்பார் அதன் குரலைக் கேட்கின்றனர். நோயாளி இறப்பின் ஆந்தையால் இறந்தார் என்பர். பிழைப்பின் ஆந்தையை மறந்துபோவர். இங்ஙனம் ஆயிரமாண்டுகளாக ஒருபுறத்துக் கணக்கே எழுதப்பட்டு வந்தது.

பின்னர் அன்பர் மரத்தடியிற் கிடந்த கரிய உருண்டைகளுள் ஒன்றை எடுத்துக் கிணற்று நீரில் நனைத்துக் குச்சியால் விரித்துக் காட்டினார். சுண்டெலியின் மண்டையோடு ஒன்றும், மெல்லிய விலாவெலும்புகளும், வண்டின் சிறகுறைகளும் வெளிப்பட்டன. ஆந்தை தன் இரையை அப்படியே விழுங்குவது. செரிக்கத்தக்கது செரித்தபின், செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்கிவிடும். செய்வினை என்று ஊரார் அஞ்சியது அதுவே. மூதாட்டியார் நெடுநேரம் அவ்வெலும்புகளை நோக்கினார். அவர் வீட்டுக் குதிரில் நெல்லைக் கெடுத்துவந்த எலியின் எலும்பு எது என்று அறிதல் அவர்க்கு அரிதன்று.

அன்பர் ஏணியைச் சார்த்தினார். அகவை எழுபதைக் கடந்தவர். ஏணியோ பழைய மூங்கிலேணி. குஞ்சைக் குடலையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு முதற்படியிற் கால்வைத்தபோது ஏணி அசைந்தது. மூதாட்டியார் ஓடிவந்து அதன் அடியை இருகையாலும் பற்றிக்கொண்டார். அவர் விழுந்துவிடுவாரோ என்னும் அச்சம், ஆந்தையின்மேல் இருந்த அச்சத்தை வென்றது. பொந்தினுள் மேலும் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. புள்ளியாந்தை ஈடொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று நான்கு முட்டைகள் இடும். முதல் முட்டையிட்ட நாள் தொட்டே அடைகாக்கத் தொடங்குதலால், குஞ்சுகள் ஒரே நாளிற் பொரியாமல் முன்பின்னாகப் பொரிகின்றன. உடன்பிறந்தார் ஒருவரினொருவர் சிறுத்துக் காணப்படுதல் இதனாலேயே. அன்பர் நடுப்பிள்ளையை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினார்.

இறங்கியவர் முதலிற் கேட்டது, “பேரனுக்கு மருத்துவர் என்ன சொன்னார்?” என்பதே. மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை. மரம் வீழ்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்தோம் என்றார் மூதாட்டியார். ஆந்தையை ஓட்டுதற்குச் செலவிட்ட நாள்கள் மருத்துவரிடம் செல்லவேண்டிய நாள்களாதல் அன்பருக்கு அப்பொழுதுதான் தெரியவந்தது. பூக்குடலையைக் கிணற்றடியிற் கழுவி வைத்துவிட்டு, அன்று காலையே இருவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். குருதி எடுத்து ஆய்ந்து மருந்து கொடுத்தனர். ஒரு வாரத்திற்குள் காய்ச்சல் தணிந்தது. அன்றைப் பூசைக்கு வேண்டும் மாலை மட்டும் வழக்கமான நேரத்திற் சென்று சேரவில்லை. உச்சிக்கால பூசைக்கே அது சென்றது.

மாலையில் முல்லையரும்பு கொய்ய வந்த மூதாட்டியார், பந்தரின் மறைவில் நின்று இலுப்பையை நோக்கினார். இருள் பரவும்போது பொந்தின் வாயிலுக்கு நேரே உள்ள கிளையில் ஓர் ஆந்தை வந்தமர்ந்தது. மைனாவின் அளவே உள்ளது, சாம்பல் கலந்த பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள், வெள்ளிய புருவம். அதன் அலகில் கரப்பு ஒன்று இருந்தது. அஃது இருமுறை தலையை மேலும் கீழும் ஆட்டி நோக்கியபின் பொந்தினுட் புகுந்து வெளிவந்து பறந்தது. அடுத்து மற்றொன்று வந்தது. தாயும் தந்தையும் மாறி மாறி வந்தன. உள்ளே இருந்த பிள்ளைகள் பசியாற் கிறீச்சிட்டன. இருள் முற்றும்வரை நின்று பார்த்த மூதாட்டியார், மறுநாட் காலையில் அன்பரிடம், “இதுவும் பிள்ளைக்காரிதான், ஐயா,” என்றார். மரத்தை வெட்ட வேண்டுமென்று கேட்ட வீட்டாரே வேண்டாம் என்றபின், பிறர் அதனை வற்புறுத்தவில்லை. முறிந்த கிளையை மட்டும் அறுத்தனர். இலுப்பை நின்றது.

நிகழ்ச்சி இவ்வளவே. இதனின்று பெறத்தக்கது யாது?

திருமறைக்காடு கோளறு திருப்பதிகம் பிறந்த தலம். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் மதுரைக்கு அழைப்பு விடுத்தபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசு சுவாமிகள் தடுத்தருளினார். அவர்க்கு விடையாக ஆளுடைய பிள்ளையார் அத்திருப்பதிகத்தை அருளிச்செய்து புறப்பட்டார். அரசர் தடுத்தது பிள்ளையார்மேல் வைத்த பேரன்பினால் என்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கை ஓதினார்க்கு நன்கு விளங்கும். அன்பினால் எழும் அச்சம் இகழத்தக்கதன்று. ஆயினும் அவ்வச்சத்தின் சொற்படி நடத்தல் வேண்டுவதின்று என்பதே அத்தலத்தின் வரலாறு உணர்த்தும் பொருள். அத்திருப்பதிகத்தை நாடோறும் ஓதிக்கொண்டே, கூரையில் ஆந்தை அமர்ந்ததற்குக் கயிறு கட்டிக்கொள்ளுதல் ஓதியதற்கு மாறான ஒழுக்கமாகும்.

அவ்வூருக்குத் தொலைவிலில்லாத திருவாரூரில், கன்றை இழந்த பசு ஆராய்ச்சிமணியை அடித்தது என்பது பெரியபுராணம். மனுநீதிச் சோழன் அவ்வொலியைக் கேட்டவுடன், இஃது ஓர் உயிரின் துயரம் என்று அறிந்து வெளிப்போந்தான். பசு என்றமையால் அன்று, துயரம் என்றமையால் அவன் எழுந்தான். இலுப்பையில் இருந்த ஆந்தையும் இரவெல்லாம் தன் பிள்ளைகளின் பொருட்டே குரல் கொடுத்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள காலம் அதன் இனப்பெருக்கக் காலம். அக்காலத்தில் அதன் குரல் மிகுதல் இயல்பு. மணியொலியாகக் கேட்கவேண்டியதனை ஊரார் எமன் அழைப்பாகக் கேட்டனர். குற்றம் குரலில் இல்லை.

சகுனம் பறவையினிடத்து இல்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. வங்காளத்தார் ஆந்தையைத் திருமகளின் ஊர்தியாகக் கொண்டு வழிபடுகின்றனர். பண்டைக் கிரேக்கத்து ஏதென்சு நகரத்தார் அதனை அறிவின் தெய்வத்திற்கு உரியதாக்கி வெள்ளிக்காசில் பொறித்தனர். 2002 ஆம் ஆண்டு முதல் வழங்கும் அந்நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அவ்வாந்தை காணப்படுகின்றது. ஒரே பறவையினம் ஓரிடத்துத் திருவாகவும் மற்றோரிடத்து எமனாகவும் இருத்தல் எங்ஙனம்? ஆயின், அதனைத் திருமகளின் ஊர்தி என்பதாலும் கேடு விளைதலுண்டு. ஆந்தையைப் பலியிட்டாற் செல்வம் பெருகும் என்னும் மயக்கத்தால், தீபாவளியை ஒட்டி வடநாட்டில் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுதலை டிராஃபிக் இந்தியா என்னும் அமைப்பு 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று. 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடித்தலையும் கொல்லுதலையும் விற்றலையும் குற்றமெனத் தடுத்துள்ளது. அஞ்சிக் கொல்வாரும் ஆசையாற் கொல்வாரும் ஆகிய இருவரும், தம் உள்ளத்து உள்ளதனைப் பறவையின்மேல் ஏற்றி அதன் உயிரைக் கவர்கின்றனர்.

அச்சத்தை நீக்கவல்லது அறிவு. ஆந்தையின் கண்கள் பிற பறவைகளின் கண்கள்போற் பக்கங்களில் அமையாமல் மனிதர் கண்கள்போல் முகத்தின் முன்னே அமைந்தவை. அவை குழியினுள் அசைய மாட்டாதன. ஆதலின் பக்கத்தே நோக்கவேண்டின் அது கழுத்தையே திருப்புதல் வேண்டும். மனிதர் கழுத்தில் எலும்பு ஏழு, ஆந்தைக்குப் பதினான்கு. அதனால் ஏறக்குறைய 270 பாகை வரை அது தலையைத் திருப்பவல்லது. பேய்போல் தலையைச் சுழற்றுகின்றது என்று அஞ்சுவார், கண்ணை அசைக்கமாட்டாத ஓர் உயிர்க்கு அமைந்த ஈடு அஃது என்று அறிவாராயின் வியப்பரேயன்றி வெறார். பழங்கோபுரங்களில் வாழும் வெண்கூகைக்கு இரு செவிகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலும் ஒன்று சற்றுக் கீழுமாக உள்ளன. அவ்வேற்றுமையால், ஒளி சிறிதும் இல்லாத இருளிலும் எலியின் அசைவொலி எங்கிருந்து எழுகின்றது என்று துணிந்து பாய்கின்றது. அதன் சிறகின் விளிம்பு சீப்புப்போற் பிளவுபட்டிருத்தலால் பறத்தல் ஓசையின்றி நிகழ்கின்றது. மருதநிலத்து உழவர்கள் வயல்களில் தென்னைமட்டையை நட்டு ஆந்தைக்கு இருக்கை அமைத்தல் அது எலியைப் பிடித்தற்பொருட்டே. பகலில் அதனைக் கல்லெறியும் ஊரே இரவில் அதனால் நெல்லைக் காத்துக்கொள்கின்றது.

எனினும் பயன்படும் உயிர் என்பதனாலே அதற்கு இரங்குதல் வேண்டும் என்று கூறுதல் நிறைவான நெறியன்று. அது வாணிகமாய் முடியும். எலியே பிடியாததாயினும் மண்ணிற் கிடந்த அக்குஞ்சு குஞ்சே. அன்பர் குடலையைக் கவிழ்த்தபோது நெல்லை நினைந்திலர். திருவிளையாடற் புராணத்துள், தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமான் தாயாகி வந்து முலைகொடுத்தருளிய வரலாற்றை ஓதாதார் இல்லை. அங்கே இறைவன் தேர்ந்தெடுத்த வடிவம் உலகத்தார் இழிவென்று ஒதுக்கும் விலங்கின் வடிவமாம். அழகியதற்கு இரங்குதல் எல்லார்க்கும் எளிது. கிளியின் குஞ்சைக் கண்டு உருகாதார் யார்? இரக்கம் சோதிக்கப்படுவது, வெறுக்கவும் அஞ்சவும் பழகிய உயிரின் முன்னிலையிலே.

இரக்கத்திற்கு அறிவும் துணையாதல் வேண்டும். அறிவில்லாத இரக்கம் குஞ்சைத் தாயினின்று பிரித்து வீட்டிற் கொண்டுவந்து பாலூட்டிக் கொல்லும். இரக்கமில்லாத அறிவோ அதன் எலும்பை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டும் கூடிய விடத்தே, செய்யவேண்டியது எது, செய்யாது விடவேண்டியது எது என்பது விளங்கும். கூட்டில் வைத்தல் மனிதர் கடன். ஊட்டுதல் தாயின் கடன். தன் கடனைச் செய்தபின் அகன்று நிற்கும் பணிவும் தொண்டின் ஒரு கூறேயாம்.

தோட்டங்களும் நந்தவனங்களும் உடையோர் இதனைக் கடைப்பிடித்தல் நலம். பொந்துள்ள முதுமரத்தை, இடர் விளைப்பதாயினன்றி, வெட்டாது விடுக. தை, மாசி, பங்குனித் திங்களில் கிளை கழிக்குமுன் கூடு உண்டோ என்று நோக்குக. இரவில் ஆந்தை அலறின் விளக்கருகே பூச்சி உண்டோ என்று பார்க்க. வீட்டில் நோயாளி இருப்பின் அவரை மருத்துவரிடம் காட்டுக. சிறுவர்க்கு அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று சொல்லிக்கொடுக்கும்போது ஆந்தைப்பிள்ளை என்பதனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க. பறப்பனவற்றின் இளமைக்கெல்லாம் பிள்ளை என்னும் பெயர் உரித்து என்று வரைந்த தொல்காப்பியனார், அவற்றுள் ஒன்றனையும் விலக்கினாரல்லர்.